ஒழுகாத குப்பியும் ஒற்றை முடியும்

தொப்பியைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்களாம். ஷெட்டில் வேலை பார்க்கும் பெண்கள் போன வாரம் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள், ஒரே சிரிப்பு. வாஷர் மாட்ட மெஷின் வந்துவிட்டது, இனிமேல் கையால் மாட்ட வேண்டியதில்லை, அதனால் தலைக்குத் தொப்பியும் வேண்டாம் என்று ஆகிவிட்டதாம்.

"அக்கா, அந்தத் தொப்பிய எந்த மகராசி கண்டுபுடிச்சா? வேத்து வேத்து மண்டையெல்லாம் அரிப்பு. நீங்க சூப்பர்வைசரா இருந்தப்பதான் வந்துச்சாமே?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் கொண்டுவரவில்லை, புள்ளைகளா. அந்தத் தொப்பி எனக்கும் பிடிக்காது. அது எப்படி வந்தது என்று இத்தனை காலம் நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் காதில் விழக்கூடாத ஆள் ஒருத்தி இருந்தாள். போன ஐப்பசியில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் இனிமேல் எதையும் மூடி வைத்துக் காபந்து பண்ணத் தெம்பில்லை. சொல்லிவிடுகிறேன்.

காரைக்கால் டவுனுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். என் ஆயுசில் பாதி அதற்குள்தான் போயிற்று. நாங்கள் செய்தது எண்ணெய்க் குப்பி. மெஷின்களுக்குச் சொட்டு விடுகிற குப்பி. விரல் நீளம்தான், பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். நுனியில் ஊசி மாதிரி மூக்கு, அதன் மேல் திருகு மூடி, இரண்டுக்கும் நடுவில் மிளகு பருமனில் ஒரு ரப்பர் வாஷர். தையல் மெஷின்காரர், பூட்டு ரிப்பேர்காரர், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளோடு மல்லுக்கட்டும் ஃபிட்டர்கள் என்று எல்லாரும் வாங்குவார்கள். பையில் குப்புறக் கிடந்தாலும் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. சொட்டு விடுகிற குப்பியை எவன் வேண்டுமானாலும் செய்துவிடுவான். விடாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு சும்மா கிடக்கிற குப்பியைச் செய்வதுதான் பெரும்பாடு. மனுசர்களிலும் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம்தான்.

வேலை கற்றுக்கொண்ட கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. வரிச்சிக்குடியில் நடவுக்கும் களைக்கும் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. அடுத்த தெரு சந்திரா, "உக்காந்து பாக்குற வேல இருக்குடி ராஜி, வா" என்று பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். தினமும் அவள் முதலில் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பாள். யாராவது உட்கார வந்தால், "ஆளு வருது" என்று முறைப்பாள். அந்த முறைப்புக்குக் கண்டக்டரே பயப்படுவார். அவளை வாஷர் மாட்டும் மேசையில் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் என்னைச் சோதனைக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் ஆகும்வரை எனக்கு அந்தப் பக்கம்தான் பிழைப்பு.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஜமீலா லாத்தா. முதலாளியின் சொந்த அக்கா. அக்காவை அவர் "லாத்தா" என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். முதலாளி இளவயதிலேயே துபாய்க்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்து ஷெட்டைப் போட்டார். ஆனால் நடத்தியது லாத்தாதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் மேலாவது கோபம் வந்தால் முதலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்பார். உட்கார்ந்தபின், "தண்ணி குடிக்கிறீங்களா?" அதையும் குடித்து முடித்தபின்தான் விஷயம். அந்த முக்காலியில் உட்காருவதைவிட நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று சந்திரா சொல்லுவாள். வயசில் எத்தனை சின்னவளாக இருந்தாலும் லாத்தாவுக்கு எல்லாரும் "வாங்க, போங்க"தான்.

சோதனை என்றால் இப்போது போல் காற்றழுத்தமும் கணக்குப் பார்க்கும் டப்பாவும் கிடையாது. ஓட்டை போட்ட பலகைகள் இருக்கும். எண்ணெய் நிரப்பி மூடிய குப்பியைப் பழைய பனியன் துணியால் துடைத்து, மூக்கு கீழே வரும்படி ஓட்டையில் கவிழ்ப்போம். பலகைக்கு அடியில் அச்சடிக்காத வெள்ளைத் தாள். சாயங்காலம் கவிழ்த்தால் மறுநாள் காலையில்தான் எடுப்போம். தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெளிச்சத்தை விடும். கடுகளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த ஓட்டைக்குரிய குப்பி கழிவு. மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது, தூக்கித்தான் பார்க்க வேண்டும். அப்படித் தூக்கித் தூக்கித்தான் என் தோள்பட்டை இந்தக் கதியில் கிடக்கிறது.

அதற்குமேல் லாத்தா ஒரு சோதனை வைத்திருந்தார். பெட்டிக்கு ஒன்றாகக் குப்பியை எடுத்து, மூக்கைத் தன் மேலுதட்டுக்கு மேலே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். விரல் பொய் சொல்லும், அது எந்நேரமும் எண்ணெயில் கிடக்கிறது, அந்த இடத்துத் தோல் பொய் சொல்லாது என்பார். அதற்குப்பிறகு பெட்டியில் என் முத்திரை விழும். முத்திரை விழுந்த பெட்டி ஒழுகினால் முத்திரைக்காரி வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். அது எழுதாத சட்டம்.

இப்போது வாஷர் மேசைக்கு வருகிறேன். அந்த மிளகளவு ரப்பரைக் குப்பியின் கழுத்தில் ஏற்றுவது லேசில்லை. காய்ந்த ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். தையல்காரர்கள் ஊசியைத் தலைமுடியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குத்துவார்களே, அந்த மாதிரி எங்கள் பெண்கள் வாஷரைத் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மாட்டுவார்கள். காலையில் தேங்காயெண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. ஒரு தேய்ப்பு, ஒரு அழுத்து, "டப்"பென்று உட்கார்ந்துவிடும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கை தானாகத் தலைக்குப் போகும், தானாக இறங்கும். வேலை நெருக்கினால் லாத்தாவும் அந்த மேசையில் வந்து உட்காருவார். அவர் முக்காட்டை விலக்கி நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவர் கையும் முக்காட்டு ஓரத்தில் நுழைந்து நெற்றியில் தேய்த்துவிட்டுத்தான் இறங்கும். நோன்பு மாதத்தில் தன் வீட்டுக் கொல்லையில் பறித்து அரைத்த மருதாணியை டப்பாவில் போட்டு எல்லாருக்கும் கொடுப்பார். நரை விழுந்தவர்கள் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். சந்திராவின் பின்னல் செம்புக்கம்பி மாதிரி இருக்கும், வகிட்டில் மட்டும் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

ஒரு தை மாசக் கடைசி. எங்களிடம் மொத்தமாக வாங்கும் வெளியூர் வியாபாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. பையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"ஒழுகாதுன்னு அட்டையில போட்டிருக்கீங்கல்ல? பாருங்க, நல்லாப் பாருங்க. நம்பி என் சொந்தப் பாக்கெட்டுல வச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்கழியிலும் தையிலும் போன பெட்டிகள்தான் ஒழுகின, அதற்கு முந்தி போனது ஒன்றும் ஒழுகவில்லை என்றார். கடைசியாக முதலாளியிடம், "பாத்து அனுப்புனது யாரோ அவங்கள நிறுத்துங்க. யாரை நிறுத்துனீங்கன்னு எனக்குச் சொல்லுங்க. இல்லன்னா நான் வேற இடம் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வேறு இடம் பார்த்தால் ஷெட்டுக்குப் பூட்டுதான்.

எல்லாப் பெட்டியிலும் என் முத்திரை. அந்த மார்கழியில்தான் நான் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தேன். முதலாளி என் மூக்கையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணு தெரியலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் கண்ணுல கோளாறுன்னா இந்தக் கண்ணையே புடுங்கி வச்சிட்டுப் போறேன், மொதலாளி. தாள்ல ஒரு பொட்டுகூட இல்ல. அல்லாவுக்கும் தெரியும், காரைக்கால் அம்மையாருக்கும் தெரியும்" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் அப்போது படுக்கையில் இருந்தார். அந்தச் சம்பளம் நின்றால் மறுநாள் உலை கிடையாது. கத்தியது பாதி ரோஷத்தில், பாதி பயத்தில்.

லாத்தா முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க ராஜிம்மா. தண்ணி குடிங்க." குடித்தேன். "நீங்க பாத்தீங்கன்னா பாத்தீங்கதான். இப்ப நாம மறுபடி பாப்போம்" என்றார்.

அதே நாட்களில் செய்து ஸ்டோரில் மிச்சம் கிடந்த பெட்டியை எடுத்தோம். அன்று சாயங்காலம் என்னோடு நின்று அவரே கவிழ்த்தார். காலையில் தாளைத் தூக்கினால் துப்புரவாக இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி நிரூபிக்க என்ன இருக்கிறது? ஒழுகாத குப்பி அவர் சட்டையில் மட்டும் எப்படி ஒழுகும்?

லாத்தா ஜன்னல் பக்கம் போய் வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு, "இந்தப் பலகைய அப்படியே தூக்கி வெளிய வெயில்ல வைங்க. வெளியூரு வரைக்கும் லாரியில என்ன நிழலா கெடக்கு?" என்றார். வைத்தோம். வெயில் ஏற ஏற நான் போய்ப் போய்ப் பார்த்தேன். உச்சிப்பொழுதில் தாளில் ஒரு பொட்டு. பிறகு தள்ளி இன்னொன்று.

ஒழுகிய குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. மறுநாள் விடிந்ததும், அதே பெட்டியில் வெயில் படாத குப்பிகள் சிலவற்றின் மூடியைத் திருகி, ஊசியால் வாஷரைக் கிளப்பிப் பார்த்தார் லாத்தா. ஒன்றில் வாஷருக்கு அடியில் ஒரு முடி குறுக்கே கிடந்தது. முடியின் இரண்டு பக்கமும் நெய் உறைந்த மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. லாத்தா முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். தேங்காயெண்ணெய்.

அவ்வளவுதான் விஷயம். மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் தேங்காயெண்ணெய் பாட்டில் காலையில் கல்லாகிக் கிடக்கும். வெயிலில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவோம். தலையில் தேய்த்த வாஷரோடு முடி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால், முடிக்குப் பக்கத்தில் மயிரிழைச் சந்து விழும். மற்ற மாதங்களில் அந்தச் சந்து வழியாக ராத்திரியே ஒழுகித் தாளில் பிடிபட்டுவிடும். மார்கழியிலும் தையிலும் மட்டும் எண்ணெய் உறைந்து சந்தை அடைத்துக்கொள்கிறது. காலையில் தாள் சுத்தம், என் முத்திரை விழும், பெட்டி லாரி ஏறும். அங்கே வெயில் பட்டதும் அடைப்பு உருகும். தினம் காலையில் வீட்டில் பார்க்கிற சங்கதி, ஷெட்டில் எங்கள் ஒருத்தி புத்திக்கும் எட்டவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என் கண்மேல் குற்றம் இல்லை என்று ஆனதும் உடம்பே லேசானது. அது கொஞ்ச நேரம்தான். லாத்தா அந்த முடியை வெள்ளைத் தாளில் நீட்டி வைத்தார். அடியில் வெள்ளை, மற்றதெல்லாம் செம்பு நிறம். வாஷர் மேசையில் வேலை அப்படியே நின்றது. அந்த மேசையில் மற்ற பெண்களுக்கெல்லாம் கருகருவென்று முடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சந்திரா மெதுவாக முந்தானையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டாள்.

முதலாளி வந்தார். விவரம் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கழுத்தில் கயிறு விழுந்த மனுசர். "நல்லது, காரணம் தெரிஞ்சுபோச்சு. ஆனா அவருக்கு நா ஒரு ஆளச் சொல்லியாகணும் லாத்தா. ஒண்ணு பாத்து அனுப்புனவங்க, இல்ல முடிய விட்டவங்க. இது யாரு முடி?"

சந்திராவின் புருஷன் அவளை விட்டுப் போய் வெகுகாலம். மகள் நர்சு படிப்பில் இருந்தாள். அவள் வீட்டு அடுப்பும் இந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது, என் அடுப்பும் இதில்தான். எனக்கு இடம் போட்டு வைக்கிறவள். ஒரு வார்த்தை, அவள் போவாள். வாயை மூடிக்கொண்டால் நான் போவேன். என் வாய் திறந்தது. என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியமாக எனக்கு இன்றுவரை தெரியாது.

"என்னோடதுதான் தம்பி" என்றார் லாத்தா.

முதலாளி அக்காவையே பார்த்தார்.

"என்ன பாக்குற? மார்கழி முழுக்க இந்த மேசையில நானுந்தான் உக்காந்தேன். மருதாணி நம்ம வூட்டு மருதாணி. அவருகிட்ட என் பேரச் சொல்லு. அக்காவையே நிறுத்திட்டேன்னு சொன்னா மறுபேச்சுப் பேச மாட்டாரு."

தாளில் கிடந்த முடியை லாத்தா எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார். "நாளையிலேருந்து எல்லாரும் தலைய மூடிக்கிட்டு வேல பாருங்க. துணியில ஒரு தொப்பி தைக்கச் சொல்லுங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். அதன் பிறகு ஷெட்டுக்கு அவர் வரவில்லை.

வியாபாரி திரும்பவும் வாங்கினார். லாத்தாவின் நாற்காலி எனக்கு வந்தது. அதில் உட்காரும் ஒவ்வொரு நாளும் முதுகில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அது நிஜமாகவே லாத்தா முடிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் இருக்கக்கூடாது? அவரும்தானே முக்காட்டு ஓரத்தில் தேய்த்தார்? சந்திரா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மருதாணி வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். ஷெட்டில் தொப்பி, வெளியே வந்தால் தலைக்கு முந்தானை. பஸ்ஸில் புழுங்கித் தொலைக்கும், அப்போதும் இறக்க மாட்டாள். "ஏண்டி, வெந்து சாகுற" என்றால், "பழகிப்போச்சு" என்பாள்.

நான் ஓய்வு பெற்றபின் ஒரு பெருநாளுக்கு மறுநாள் லாத்தாவைப் பார்க்கப் போனேன். அடுத்து சந்திராவும் ஓய்வு பெறுவதாக இருந்தாள். லாத்தா முட்டிவலியில் கட்டிலோடு இருந்தார். வீட்டில் பெண்கள் மட்டும்தான். முதலாளி வீட்டு மருமகள் அவர் தலையை விரித்துப்போட்டுச் சீவிக்கொண்டிருந்தாள். அத்தனை காலத்தில் முதல்முறையாக அவர் முடியைப் பார்க்கிறேன். வேரிலிருந்து நுனிவரை தும்பைப்பூ வெள்ளை.

"மருதாணிய விட்டுட்டீங்களா லாத்தா?" என்று கேட்டேன்.

மருமகள் சிரித்தாள். "மாமிக்கு அது ஆகவே ஆகாதே. தலையில வச்சா அன்னிக்கே சளி புடிச்சுக்கும். ஊருக்கெல்லாம் அரைச்சுக் கொடுப்பாங்க, அவங்க ஒருநாளும் வச்சதில்ல."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். மருமகள் உள்ளே போனதும், "மொதலாளிக்கு அப்பவே தெரியாதா லாத்தா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"கூடப் பொறந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவனுக்கு ஒரு ஆளக் காட்டணும், காட்டிட்டேன். உங்க ரெண்டு பேருல யாரு போனாலும் அடுப்பு அணைஞ்சிருக்கும். எனக்குத் தம்பி வூட்டுல சோறு இருந்துச்சு." போர்வையை முட்டிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "சோறு இருந்துச்சு ராஜிம்மா. காலையில எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடந்தான் இல்லாமப் போச்சு" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை, களைத்துப்போயிருந்தார். "சந்திராகிட்ட இதச் சொல்லிறாதீங்க. அவங்க அது என்னோடதுன்னு நெனச்சு நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறினால், வேலை விட்டு வந்த சந்திரா உட்கார்ந்திருந்தாள். பழைய வழக்கம் போல நகர்ந்து ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன்.

"எப்புடி இருக்காங்க?"

"முட்டிதான் தொந்தரவு. மத்தபடி நல்லாருக்காங்க."

டவுன் தாண்டி வயல் வந்தது. காற்றே இல்லை. சந்திரா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னமும் தலைக்கு மருதாணி வக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"வக்கிறாங்க. செக்கச் செவேல்னு இருக்கு" என்றேன்.

வரிச்சிக்குடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சந்திரா தன் தலைமேல் கிடந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.